ஒரு மூச்சு ஏச்சு

ஏச்சுவாங்கி மாமா!

இந்த இலங்கையில் உங்களைப் போல ஏச்சு வாங்கிய மனிதர் இன்னொருவர் இல்லை. மந்திரிமார் வாங்கியிருப்பார்கள், பஸ் கொண்டக்டர்மார் வாங்கியிருப்பார்கள். ஆனால் வீடு வீடாகப் போய், கட்டிலுக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டு, "எங்க, என்ன நல்லா ஏசுங்க பாப்பம்" என்று கேட்டு வாங்கியவர் நீங்கள் ஒருவர்தான்.

நீங்கள் இருந்த காலத்தில் இந்தப் பேரைச் சொல்லி உங்களைக் கூப்பிட எனக்குத் துணிச்சல் வந்ததில்லை. இப்போது மையவாடியில் மண்ணுக்குள் கிடக்கிறீர்கள், ஏச்சுக்கும் வரமாட்டீர்கள், சிரிக்கவும் மாட்டீர்கள். அதனால் பத்திரிகையில் எழுதிக் கூப்பிடுகிறேன்.

வாசிக்கிறவர்களுக்கு ஒழுங்காகச் சொல்கிறேன். ஏச்சுவாங்கி என்பவர் என் கணவரின் வாப்பா. புத்தளம் களப்பில், உச்சமுனைப் பக்கத்தில் இருக்கிற ஒரு சின்னத் தீவில் மீன்பிடித்தவர். எங்கள் தீவில் ஒரு பள்ளிவாசல் இருக்கிறது, ஐந்தாம் ஆண்டு வரைக்கும் ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது, இரண்டு கடை இருக்கிறது. ஆஸ்பத்திரி இல்லை. ஆஸ்பத்திரி அக்கரையில். காற்று இல்லாத நாளில் படகில் முக்கால் மணித்தியாலம். காற்றுக் காலத்தில் எத்தனை மணித்தியாலம் என்பது களப்புக்குத்தான் தெரியும்.

அதனால் எங்கள் தீவில் ஒருவருக்குச் சுகமில்லை என்றால் முதல் கேள்வி "என்ன வருத்தம்" என்பதில்லை. "கொண்டுபோறதா, ஊட்டுல வெச்சுப் பாக்கிறதா" என்பதுதான். சும்மா மூக்கொழுகித் தடிமன் பிடித்தவரைக் காற்றுக்குள் கொண்டுபோனால், உப்புத் தண்ணீர் தலையோடு அடித்து, அக்கரையில் இறங்கும்போது அவர் உண்மையான நோயாளி ஆகிவிடுவார். அங்கே கட்டில் கிடைக்காமல் பாயில் படுத்து, பக்கத்துப் பாய்க்காரரின் இருமலையும் வாங்கிக்கொண்டு வருவார். அதற்குப் பயந்து, போகவேண்டியவரை வீட்டில் வைத்தாலோ, அடுத்த நாள் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அவருடைய பேர் கேட்கும்.

இந்தக் கேள்விக்குப் பதில் தேடித் திரிந்தவர்தான் மாமா. மருந்து படித்தவர் இல்லை. அவரிடம் இருந்தது ஒரு படகு, ஒரு போன், இரண்டு காது. அந்த மூன்றையும் வைத்துக்கொண்டு பத்து வருஷத்துக்கு மேல் தீவைப் பார்த்தார். "ஊட்டுலயே இரிக்கட்டும்" என்று சொல்லி வைத்த ஆட்களில் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

ஒரே ஓர் ஆளைத் தவிர. அந்த ஆளை வீட்டில் வைத்தது மாமா இல்லை, நான். அதைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். ஆனால் மாமாவைப் பற்றிச் சிரிக்காமல் தொடங்கினால் அது மாமாவின் கதை ஆகாது.

முதலில் மாமியைச் சொல்ல வேண்டும். என் மாமி ஸபியா உம்மா ஏச்சில் மிகப் பெரிய ஆள். ஒவ்வொரு நாளும் காலையில் மாமா கடலால் வந்து இடுப்பில் கட்டியிருந்த ஈரச் சாரத்தைக் கழற்றிக் கதிரையில் போடுவார். அதில் தொடங்கும். சாரத்தில் தொடங்கி, கதிரைக்குப் போய், மீன் செதிலுக்குப் போய், வலைக்குப் போய், மாமாவின் உம்மா வழிச் சொந்தக்காரர் எல்லோரையும் ஒரு சுற்றுச் சுற்றி, திரும்ப ஈரச் சாரத்தில் வந்து முடியும். எல்லாம் ஒரே மூச்சு. நடுவில் ஓர் இடத்திலும் நிற்காது. மாமா பக்கத்தில் நின்று பிளேன் டீ குடித்துக்கொண்டு, ரேடியோச் செய்தி கேட்கிற மாதிரி கேட்பார். முடிந்ததும் "சரி" என்று கோப்பையைக் கொடுப்பார்.

நான் கலியாணம் முடித்து வருவதற்கு முந்திய கதை இது. ஒரு நாள் காலையில் மாமி தொடங்கினாவாம்.

"ஈரச் சாரத்த கதிரையில போடாதீங்க என்டு எத்தன தரம்..."

நின்றுவிட்டது.

"எத்தன தரம் செல்லுற..."

திரும்பவும் நின்றது. மாமிக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல். எல்லோரும் சாதாரணக் காய்ச்சல்தான், கொத்தமல்லி அவித்துக் குடித்தால் சரி என்று சொல்லியிருந்தார்கள். மாமா கோப்பையைக் கீழே வைத்தார்.

"ஸபியா, மிச்சத்தயும் ஏசு."

"ஏலாது."

"ஏலாதா? அப்ப எழும்பு. போட்ல ஏறு."

நல்ல காற்று நேரம். கரையில் நின்றவர்கள் எல்லோரும், எங்கள் பக்கத்தில் அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி நானா நானா என்றே மாமாவைப் பிடித்து ஏசினார்களாம். "நானா, ஒனக்கு மூள கொழம்பிட்டா? காய்ச்சலுக்கு இந்தக் காத்துல ஆரும் போட் எடுக்கிறதா?" மாமா எஞ்சினை இழுத்தார். அக்கரையில் ஒரு சிங்கள டொக்டர் மிஸ். சின்ன வயசு, தமிழ் பாதிதான் வரும். மாமியைப் பார்த்துவிட்டு, நெஞ்சு முழுக்கச் சளி கட்டி நியூமோனியா என்றார். ஒரு நாள் பிந்தி வந்திருந்தால் தன்னால் ஒன்றும் சொல்லியிருக்க ஏலாது என்றார். மாமிக்கு ஒக்சிசன் பிடித்து ஆள் கொஞ்சம் தெளிந்த பிறகு மாமாவைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"நானா, எப்பிடித் தெரிஞ்சது கொண்டுவரணும் என்டு?"

"ஏச்சு பாதியில நிண்டிச்சு மிஸ்."

மிஸ் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டார். "அது நாங்களும் பாக்கிறது நானா. ஒரு வசனம் ஒரு மூச்சில சொல்ல ஏலுமா என்டு பாப்பம். ஏலாட்டி எங்களுக்குப் பயம்."

அன்றைக்கு மிஸ் தன் போன் நம்பரைக் கொடுத்தார். இன்னும் சில கேள்விகளையும் சொல்லிக்கொடுத்தார். உதடு நீலமா, சாப்பிடுகிறாரா, சிறுநீர் போகிறதா, எழும்பி நின்றால் தலை சுற்றுகிறதா, வீட்டில் பார்க்க ஆள் இருக்கிறதா. கடைசியில், "நானா, நீங்க முடிவு எடுக்க வேணாம். கேட்டுப் போட்டு எனக்குக் கோல் எடுங்க. முடிவு நான் செல்றன்" என்றார்.

மாமா எல்லாவற்றையும் அப்படியே கேட்டார். ஒன்றை மட்டும் மாற்றினார். "வருத்தக்காரன்கிட்ட வசனம் செல்லு என்டா பள்ளிக்கூடத்துப் புள்ள மாதிரி முனகுவான் மிஸ். ஏசச் சொன்னாத்தான் நெஞ்சோட வரும்."

அப்படித்தான் தீவில் அந்தப் பழக்கம் தொடங்கியது. யாருக்காவது சுகமில்லை என்றால் மாமா போவார், மிஸ்ஸுக்குக் கோல் எடுப்பார், போனை நோயாளியின் வாய்க்குப் பக்கத்தில் பிடிப்பார், தன்னை ஏசச் சொல்வார். கடைக்கார ஹாஜியார் வயிற்றுவலி என்று படுத்திருந்தபோது மாமாவை ஏசத் தொடங்கி, மாமாவின் படகு தன் தோணியில் மோதிய பழைய கதை வரைக்கும் போய்விட்டார். மாமாவுக்குப் போனைப் பிடித்திருந்த கை கடுத்தது.

"மிஸ், ஒங்களுக்கு விளங்குதா?"

"நானா, அர்த்தம் எனக்கு வேணாம். நீளம் போதும்."

இந்த வசனத்தை மறந்துவிடாதீர்கள். நான் மறந்தேன்.

என் கதைக்கு வருகிறேன். நான் கனமூலையில் பிறந்தவள். எட்டாம் ஆண்டோடு நின்றுவிட்டேன். தீவுக்கு வாழ்க்கைப்பட்டு வரும்போது உம்மா ஒன்றே ஒன்றுதான் சொல்லி அனுப்பினா. "மாமனாருக்கு முன்னுக்கு ஒண்ட சத்தம் எழும்பப்படாது." வந்த இரண்டாம் கிழமை உப்புக் காற்று ஒத்துக்கொள்ளாமல் எனக்குக் காய்ச்சலும் இருமலும். மாமா வாசலில் நின்று தொண்டையைச் செருமிக்கொண்டு உள்ளே வந்தார். கதிரையில் இருந்தார். போனை எடுத்தார்.

"மகள், என்ன ஏசுங்க."

எனக்கு வேர்த்துவிட்டது. முக்காட்டை இழுத்து வாயை மூடிக்கொண்டேன்.

"வெக்கப்பட வேணாம் மகள். கழுத என்டு தொடங்குங்க. மிச்சம் தானா வரும்."

மாட்டேன் என்று தலையை ஆட்டினேன். மருமகளுக்கு மரியாதை தெரியுமா என்று சோதிக்கிறார்கள் என்று நினைத்தேன். வாயைத் திறந்தால் கலியாணமே போய்விடும் என்று பயம். கண்ணில் தண்ணீர் மட்டும் வந்தது.

மாமா போனில் மெதுவாகச் சொன்னார். "மிஸ், புள்ளக்கிட்ட சத்தமே இல்ல."

"சத்தமே இல்லயா? உடனே கொண்டு வாங்க!"

என்னைப் படங்குச் சீலையில் சுற்றிப் படகில் வைத்தார்கள். கனமூலைக்குத் திருப்பி அனுப்பத்தான் கொண்டுபோகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு களப்பு முழுக்க அழுதேன். ஆஸ்பத்திரியில் மிஸ் குழாய் வைத்துப் பார்த்தார், விரலில் ஒரு கவ்வியைப் போட்டுப் பார்த்தார். ஒன்றுமில்லை. வெறும் தடிமன்.

"ஏன் தங்கச்சி கதைக்கேல்ல?"

"மாமனாருக்கு முன்னுக்குச் சத்தம் போடப்படாது என்டு உம்மா செல்லி அனுப்பின."

மிஸ் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கட்டில்காரர்கள் எழும்பிப் பார்த்தார்கள்.

திரும்பி வரும்போது காற்று கிளம்பிவிட்டது. கலியாணத்துக்குத் தைத்த சல்வார் உப்புத் தண்ணீரில் ஊறிப்போனது. காய்ச்சல் ஒரு பக்கம், குளிர் ஒரு பக்கம், வெட்கம் ஒரு பக்கம். நடுக் களப்பில் எனக்குள் ஏதோ அறுந்துபோனது. "ஒங்களுக்கு என்ன பைத்தியமா மாமா, தடிமன் புடிச்ச புள்ளய இப்பிடிப் போட்ல போட்டு உப்புத் தண்ணியில குளிப்பாட்டிக் கூட்டிக்கிட்டுப் போறீங்களே, கழுத என்டு ஏசச் செல்றீங்களே, ஒங்கட ஊர்ல மருமக்களுக்கு இப்பிடியா செய்றது..." என்று தொடங்கினேன். எங்கள் கரையில் படகு கட்டுகிற கம்பு தெரியும் வரைக்கும் நிற்கவில்லை.

மாமா எஞ்சினை நிறுத்தினார். படகு ஆடிக்கொண்டிருந்தது. முகம் முழுக்கச் சிரிப்பு. சாரத்துக்குள் பொலித்தீன் பையில் சுற்றி வைத்திருந்த போனை எடுத்தார்.

"மிஸ்! இப்ப கேளுங்க! புள்ள நல்ல சுகம்!"

அந்த நாளோடு மிஸ்ஸின் கேள்விகளோடு மாமா இன்னொரு கேள்வியும் சேர்த்துக்கொண்டார். யாரைப் பார்க்கப் போனாலும் முதலில் வீட்டாரிடம் "இவர் வழமயா ஏசுற ஆளா?" என்று கேட்பார். ஏசாத ஆளிடம் ஏச்சுக் கேட்டுப் பயனில்லை என்று என்னால்தான் கண்டுபிடித்தார்.

ஏசாத ஆள் என்றால் எங்கள் மோதினார்தான். ஐந்து நேரமும் பாங்கு சொல்கிறவர். வாயில் ஒரு கெட்ட சொல் வராது. ஒரு நோன்பில் அவருக்கு இழுப்பு. மாமா போய்க் குந்தினார்.

"மோதினார், என்ன ஏசுங்க என்டு கேக்க மாட்டன். ஒங்களுக்கு நீளமா வர்ற ஒண்ட ஓதுங்க."

"என்னத்த ஓதுற?"

"பாங்கு செல்லுங்களேன்."

மெல்லத்தான் சொல்லத் தொடங்கினார். ஆனால் இருபது வருஷப் பழக்கம், தொண்டை அடங்கவில்லை. அன்றைக்கு மழை இருட்டு, கரண்டும் இல்லை, நோன்பு திறக்க இன்னும் அரை மணித்தியாலம் இருந்தது. நோன்பு திறக்கிற பாங்கு என்று நினைத்துப் பக்கத்தில் நான்கு வீட்டார் பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுவிட்டார்கள். ஒரு வீட்டில் கஞ்சியே முடிந்துவிட்டதாம்.

விஷயம் தெரிந்ததும் நான்கு வீட்டாரும் மோதினார் வாசலுக்கு வந்து மாமாவைப் பிடித்துக்கொண்டார்கள். ஆண்கள், பெண்கள், பிள்ளைகள் எல்லோரும். மாமா நடுவில் நின்று ஒவ்வொருவராகத் திரும்பித் திரும்பிக் கேட்டார். எல்லோரும் முடித்த பிறகு போனில் சொன்னார்.

"மிஸ், மோதினாருக்கு நாலு எடத்துல மூச்சு வாங்கிச்சு, கொண்டு வாறன். மத்தபடி இந்தத் தெருவுல எல்லாரும் நல்ல சுகம். இப்பத்தான் பாத்தன்."

போன நான்காம் நாள் மோதினார் சுகமாகி வந்து, அந்த நான்கு வீட்டாரிடமும் தனித்தனியாக மன்னிப்புக் கேட்டார். மாமாவைப் பார்த்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. அதுதான் அவருடைய ஏச்சு.

கோழிக்காரித் தாத்தாவின் கதை வேறு. எங்கள் பக்கத்தில் தாத்தா என்றால் அக்கா; இவ தனியாக இருக்கிற மனிசி. விழுந்து இடுப்பில் அடி, கூடவே காய்ச்சல். மாமாவை ஏசிய ஏச்சில் போன் சூடாகிவிட்டது. மிஸ் எல்லாக் கேள்வியும் கேட்டுவிட்டு, எலும்பு முறிந்த மாதிரித் தெரியவில்லை, வீட்டிலேயே இருக்கலாம் என்று சொல்லப் போனார்.

"பொறுங்க மிஸ். கடைசிக் கேள்வி. தாத்தா, ஊட்டுல பாக்க ஆரு இரிக்கி?"

"ஏழு கோழி இரிக்கி."

"கோழிக்குப் போன் எடுக்கத் தெரியுமா?"

அப்படியானால் ஆஸ்பத்திரிதான் என்றார் மிஸ். தாத்தா கோழிகளை விட்டு வரமாட்டேன் என்று கட்டிலைப் பிடித்துக்கொண்டா. மாமா தலையைச் சொறிந்தார். பிறகு தாத்தாவையும் ஏழு கோழியையும் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தார். ஒன்பது நாள். தாத்தா காலையில் மாமாவை ஏசுவா, அதற்கு மாமி தாத்தாவை ஏசுவா, கோழி மாமாவின் வலையில் எச்சம் போடும். மாமா வாசலில் நின்று மிஸ்ஸுக்குச் சொல்வார். "ரெண்டு பேரும் நல்ல சுகம் மிஸ். எனக்குத்தான் கொஞ்சம் தலயிடி."

இத்தனை ஏச்சு வாங்கிய மனிதர் திருப்பி ஒருவரையும் ஏசியதில்லை. நடுக் களப்பில் எஞ்சின் நின்றால் அதைத் தட்டிக்கொடுத்து, "சரி வாப்பா, நீயும் களச்சுப் போயிட்ட, கொஞ்சம் இரு" என்பார். யாரோ ஒருவர் எஞ்சின் படகை ஓட்டி அவருடைய புது வலையைக் கிழித்துவிட்டபோது, "அவருக்கும் மீன் தேவதானே" என்றார். என் கணவரைச் சின்ன வயசில்கூட ஏசியதில்லையாம். தப்புச் செய்தால் பக்கத்தில் வந்து பேசாமல் இருப்பாராம். அதற்கு அடித்திருந்தாலே நல்லது என்பார் இவர்.

இப்போது அந்த நாளைச் சொல்கிறேன்.

காற்றுக் காலம் முடிந்து களப்பு எண்ணெய் மாதிரிக் கிடந்தது. பகல் லுஹர் தொழுதுவிட்டு வந்து மாமா சாப்பிடவில்லை. கரையில் கதிரையைப் போட்டு, வலையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். நான் கூப்பிடப் போனேன். நெற்றியில் வேர்வை.

"மாமா, ஒரு மாதிரி இரிக்கீங்க."

"வாயு."

எனக்கு விளையாட்டாக இருந்தது. அவர் செய்கிற மாதிரியே கதிரைக்குப் பக்கத்தில் குந்தினேன். "எங்க, என்ன நல்லா ஏசுங்க பாப்பம்."

என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"ஒன்ன..." என்றார். களப்பைப் பார்த்தார். "ஏச எனக்கு..." தோளில் கிடந்த துவாயால் முகத்தைத் துடைத்தார். "வாய் வராது..." கொஞ்ச நேரம் போனது. "மகள்."

எனக்கு மனம் நிறைந்துவிட்டது. என் சொந்த வாப்பா என்னை அப்படி ஒரு சொல் சொன்னதில்லை. "அப்ப இருங்க மாமா, இஞ்சி போட்டுத் தேத்தண்ணி கொண்டு வாறன்" என்று சொல்லிவிட்டு ஓடினேன். குசினியில் மாமியிடம் பெருமையாகச் சொன்னேன். "மாமி, மாமாவுக்கு என்ன ஏச வாய் வராதாம்." மாமி சிரித்தா. "எனக்கு வருமே" என்றா. இரண்டு பேரும் சிரித்துக்கொண்டு தண்ணீர் கொதிக்கும் வரைக்கும் நின்றோம்.

தேத்தண்ணீரைக் கொண்டுபோகும்போது வலை மடியிலிருந்து விழுந்து கிடந்தது.

உயிர் இருந்தது. என் கணவர் ஓடி வந்து தூக்கினார். மாமாவின் படகிலேயே மாமாவைப் போட்டோம். நான் தலையை மடியில் வைத்துக்கொண்டு மிஸ்ஸுக்குக் கோல் எடுத்தேன்.

"கதைக்கிறாரா?"

போனை மாமாவின் வாய்க்குப் பக்கத்தில் பிடித்தேன், அவர் மற்றவர்களுக்குப் பிடிக்கிற மாதிரி. மிஸ் கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு, "கெதியா வாங்க தங்கச்சி" என்று மட்டும் சொன்னார். களப்பில் ஒரு சின்ன அலைகூட இல்லை. எத்தனையோ பேரைக் கொந்தளிப்புக்குள் கொண்டுபோன மனிதருக்கு அல்லாஹ் அன்றைக்குப் பாய் விரித்த மாதிரித் தண்ணீரைக் கொடுத்திருந்தான்.

பின்னேரம் அஸர் தொழுகைக்குக் கொஞ்சம் முந்தி ஆஸ்பத்திரியில் மவுத்தானார். மாரடைப்பு என்றார்கள்.

மிஸ் வெளியே வந்து, நான் இருந்த மர வாங்கில் எனக்குப் பக்கத்தில் இருந்தார். அவர் கண்ணும் சிவந்திருந்தது. நான் நடந்ததைச் சொன்னேன்.

"நாலு துண்டாச் சொன்னார் மிஸ். ஒன்ன. ஏச எனக்கு. வாய் வராது. மகள். நாலு துண்டு. நான் அர்த்தத்தக் கேட்டன் மிஸ். நீளத்தக் கேக்கல்ல."

மிஸ் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"முந்தி வந்தாப் பொழச்சிருப்பாரா என்டு எனக்கிட்டக் கேக்க வேணாம் தங்கச்சி. எனக்கும் தெரியாது. ஆனா அந்த அர்த்தத்தக் கேட்டா நானும் நீளத்த மறந்து போவன்."

மாமாவின் ஜனாஸாவைத் தீவுக்குக் கொண்டுவந்து இறக்கியதும் மோதினார் ஒலிபெருக்கியில் அறிவித்தார். அடையாள அட்டையில் இருந்த பேரைத்தான் சொன்னார். தீவில் ஒருவருக்கும் விளங்கவில்லை. "ஆரது? எந்த ஊட்டுல?" என்று தெருவில் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டார்கள். ஒருவர் எங்கள் வாசலுக்கே வந்து, "ஏச்சுவாங்கி நானா இரிக்காரா? அவருக்கிட்டக் கேட்டா ஆரு என்டு தெரியும்" என்றார். மாமி அவரைப் பார்த்தா. அவர் வாசலிலேயே குந்திவிட்டார்.

மோதினார் திரும்ப ஒலிபெருக்கியைப் போட்டார். பள்ளிவாசலில் அந்தப் பேரைச் சொல்லலாமா என்று அவருக்கு யோசனையாக இருந்திருக்கும். "நம்மட..." என்றார். நின்றார். "நம்மட ஏச்சுவாங்கி..." திரும்பவும் நின்றார். கெட்ட சொல் பேசாத அந்த மனிதருக்கு அதை ஒரே மூச்சில் சொல்லி முடிக்க ஏலவில்லை.

அடுத்த நாள் காலையில் ஜனாஸாத் தொழுகைக்கு முந்தி என் கணவர் எழும்பி நின்று, மவுத்தானவருக்காக வழக்கமாகக் கேட்பதைக் கேட்டாராம். "எங்கட வாப்பா ஆருக்காவது மனம் நோகக் கதச்சிருந்தா மன்னிச்சுக்கொள்ளுங்க."

பிறகு கடைக்கார ஹாஜியார் எழும்பினார். "அவர் எங்க வாப்பா கதச்சார்? நாங்கதான் ஏசினம். நான் அவரப் பன்னாட என்டு ஏசினன். அல்லா என்ன மன்னிக்கணும்." பின்வரிசையில் ஒருவர், "நான் எரும என்டு ஏசினன்" என்றார். இன்னொருவர், "நான் ஓட்டப் போட்டுக்காரன் என்டு ஏசினன். அவரு கேட்டுத்தான் ஏசினன், எண்டாலும் ஏசினன்" என்று அழுதார். ஒருவர் பின் ஒருவராக எழும்பி, தாங்கள் ஏசியதையெல்லாம் சொல்லிச் சொல்லி மன்னிப்புக் கேட்டார்களாம். வீட்டுக்கு வந்து இதைச் சொல்லும்போது இவர் அழுதுகொண்டே சிரித்தார். "வாப்பா இருந்திருந்தா எல்லாருக்கும் சுகம் என்டு மிஸ்ஸுக்குக் கோல் எடுத்திருப்பார்" என்றார்.

கணவன் போன மனிசி இருக்கிற மாதிரி மாமி இத்தாவில் இருக்கிறா. நாலு மாதமும் பத்து நாளும் வீட்டுக்குள்தான். அந்த வீட்டில் காலையில் சத்தமே இல்லாமல் போனதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஒரு நாள் மாமியின் காலடியில் இருந்து எல்லாவற்றையும் சொன்னேன். மூச்சுத்தான் வரவில்லை, நான் பாசம் என்று நினைத்துவிட்டேன் என்றேன்.

மாமி என் முக்காட்டைச் சரி செய்தா. "மூச்சு நெறய இருந்த காலத்துலயும் அவரு ஒன்ன ஏசல்லயே புள்ள. அது பாசமும்தான், மூச்சு இல்லாததும்தான். ரெண்டும் சேர்ந்து வந்தா நீ எப்பிடிப் பிரிச்சுப் பாப்ப?"

போன கிழமை நான் மறதியாக என் ஈரத் துவாயை அந்தக் கதிரையில் போட்டுவிட்டேன். மாமி அறையிலிருந்து வெளியே வந்து அதைப் பார்த்தா.

"ஈரத்தக் கொண்டு வந்து கதிரையில போடாத என்டு எத்தன தரம் செல்லுற..."

இந்த முறை அர்த்தம் ஒன்றும் என் காதில் ஏறவில்லை. நீளத்தை மட்டும் கேட்டேன். துவாயில் தொடங்கி, கதிரைக்குப் போய், மீன் செதிலுக்கும் வலைக்கும் போய், கனமூலையில் இருக்கிற என் உம்மா வழிச் சொந்தம் எல்லோரையும் சுற்றி, திரும்ப ஈரத் துவாயில் வந்து முடிந்தது. ஓர் இடத்திலும் நிற்கவில்லை.

சொல்ல ஆள் இல்லை. கதிரையைப் பார்த்துச் சொன்னேன். "மாமி சுகம் மாமா."

இதை வாசிக்கிறவர்கள் எந்த ஊராக இருந்தாலும், எந்த மார்க்கமாக இருந்தாலும் பரவாயில்லை. அவருடைய அடையாள அட்டைப் பேர் உங்களுக்குத் தேவையில்லை, ஏச்சுவாங்கி என்றாலே அல்லாஹ்வுக்குத் தெரியும். அவர் கிடக்கிற கப்று வெளிச்சமாகவும் விசாலமாகவும் இருக்க, ஒரே ஒரு மூச்சு நீளத்துக்கு, நடுவில் நிறுத்தாமல், எல்லோரும் அவருக்காக துஆக் கேளுங்கள்.